விவசாய மானியம்: பட்டியலில் யார் பெயர், என்ன கணக்கில்?

திருத்தணியிலிருந்து நகரி வழியாகப் புத்தூர் போகும் சாலையில் எந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "ஆந்திராவில் இருபதாயிரம் தருகிறார்கள், நமக்கு ஆறாயிரம்தான்" என்பார் ஒருவர். "ஒரு சென்ட் நிலம் இல்லாதவனுக்கெல்லாம் பணம் ஏறுகிறது" என்பார் அடுத்தவர். "யாருக்குப் போகிறது என்று கேட்டால் ரகசியம் என்கிறார்கள்" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார்.

மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு, நிறையக் குழப்பமும் உண்டு. முதலாமவர் இரண்டு அரசுகளின் பணத்தை ஒன்றாகக் கூட்டிவிடுகிறார். இரண்டாமவர் சொல்வது நடந்த கதைதான், ஆனால் எப்படி நடந்தது என்பது அவருக்குத் தெரிவதில்லை. மூன்றாமவருக்கு அப்படிச் சொன்னவர் யாராக இருந்தாலும், சட்டத்தைப் படிக்காதவர்.

திருவிழாக் கணக்கு

இந்தப் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத பெரிய ஊர் குறைவு. பாரதம் படித்து, கூத்து நடத்தி, தீ மிதித்து விழா முடிக்கத் தலைக்கட்டு வரி போடுவார்கள். முடிந்ததும் ஊர் கூடிய இடத்தில் கணக்கு வாசிக்கப்படும். பந்தல்காரருக்கு இவ்வளவு, கூத்துக் குழுவுக்கு இவ்வளவு, பூக்காரருக்கு இவ்வளவு. "பந்தலுக்குக் கொடுத்தோம்" என்று மட்டும் சொன்னால் ஊர் விடாது. எந்தப் பந்தல்காரர், எவ்வளவு தொகை, எத்தனை நாளுக்கு என்று கேட்கும். அதே சமயம், பந்தல்காரருக்கு வீட்டில் என்ன கடன், எந்த வங்கியில் கணக்கு என்று யாரும் கேட்பதில்லை. அது ஊர்ப் பணத்தோடு சம்பந்தப்பட்டதல்ல.

அரசின் கணக்கையும் இதே கண்ணால் பார்க்கலாம். ஒரு பொருளின் விலையையோ ஒரு தொழிலின் செலவையோ குறைப்பதற்காகப் பொதுப் பணத்திலிருந்து அரசு தாங்கும் பங்கு மானியம். எதை வாங்கினாய், எதை விளைவித்தாய் என்று கேட்காமல் விவசாயி கையில் நேரடியாகத் தரும் தொகை வருமான ஆதரவு. பேச்சு வழக்கில் இரண்டையுமே மானியம் என்கிறோம், இந்தக் கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம், கடன் தள்ளுபடி ஆகியவை வேறு. அவற்றை இங்கே தொடப்போவதில்லை.

பணம் எந்த வழியில் வருகிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசுவது வீண். பணம் வரும் வழியைப் பொறுத்துத்தான் பெறுபவரின் பெயர் எங்காவது பதிவாகிறதா இல்லையா என்பது முடிவாகிறது.

விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேராக வருவது ஒரு வழி. நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் அப்படித்தான் வருகிறது. கணக்குக்குப் போக வேண்டும் என்றால் பெயர் வேண்டும், ஆகவே பட்டியல் தானாகவே உருவாகிவிடுகிறது.

விற்பவர் வழியாக வருவது இன்னொன்று. 45 கிலோ யூரியா மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறோம். அதன் உண்மையான அடக்கவிலை அதைவிடப் பல மடங்கு. வித்தியாசத்தை மத்திய அரசு உர நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. கடையில் ஆதார் எண்ணைச் சொல்லிக் கைரேகை வைக்கிறோமே, அந்த விற்பனைப் பதிவின் அடிப்படையில்தான் நிறுவனத்துக்குப் பணம் போகிறது. ஆக, பணம் பெறுபவர் என்று அரசின் ஏட்டில் இருப்பது நிறுவனம், பயன் பெறுபவர் விவசாயி.

இலவச மின்சாரம் இதைவிட மங்கலானது. தமிழ்நாட்டில் 1990 முதலும் ஆந்திரத்தில் 2004 முதலும் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் இருக்கிறது. அரசு அந்தத் தொகையை மின்வாரியத்துக்குக் கொடுத்துவிடுகிறது. எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு போனது என்பது பல இடங்களில் அளக்கப்படுவதே இல்லை. ஆயிரம் அடி ஆழ்குழாயில் பெரிய மோட்டார் வைத்துக் கரும்பு பயிரிடுபவருக்கும், வானம் பார்த்த நிலத்தில் வேர்க்கடலை விதைப்பவருக்கும் இந்த மானியம் ஒன்றல்ல. இரண்டாமவருக்கு அது பூஜ்யம்.

விளைபொருளின் விலையோடு சேர்ந்து வருவது மூன்றாவது வழி. திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை போன்றவற்றுக்குக் கரும்பு அனுப்பும் விவசாயிகளுக்கு 2024-25 அரவைப் பருவத்துக்காகத் தமிழ்நாடு அரசு அறிவித்த சிறப்பு ஊக்கத்தொகை டன்னுக்கு 349 ரூபாய். சித்தூர்ப் பக்கம் 2025 ஜூனில் தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்தபோது ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், மேலே 4 ரூபாயை அரசு தரும் என்று ஆந்திர அரசு சொன்னது. அந்தச் சமயத்தில் வெளிமாநில தோத்தாபுரி உள்ளே வரச் சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை விதித்ததும், கர்நாடகம் அதை எதிர்த்ததும் நினைவிருக்கும். கிலோவுக்கு இவ்வளவு என்று மானியம் வைத்தால் அடுத்த மாநிலத்து லாரிகளும் அந்தக் கிலோவைத் தேடி வரும். எல்லை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த வகையில் அளவுக்கு ஏற்பத் தொகை கூடும். ஒரு டன் கொடுத்தவருக்கு 4,000, முப்பது டன் கொடுத்தவருக்கு 1,20,000.

இதுவரை சொன்னதன் சாரம்: நேரடியாக வரும் பணத்துக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. விலையோடு வரும் பணத்துக்கு ஆலையிலோ கொள்முதல் நிலையத்திலோ பதிவு உண்டு. உரத்துக்கும் மின்சாரத்துக்கும் ஊரார் பார்க்கக்கூடிய பட்டியல் இல்லை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் பிஎம் கிசானுக்கு 63,500 கோடி ரூபாய், உர மானியத்துக்கோ 1.67 லட்சம் கோடிக்கு மேல். நாம் தேநீர்க் கடையில் சண்டை போடுவதெல்லாம் சின்னத் தொகையைப் பற்றித்தான்.

இரண்டாயிரம் ரூபாய் தவணை கணக்கில் ஏறுவது எப்படி?

பிஎம் கிசான் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்டது. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. சில மாதங்களிலேயே அந்த வரம்பு நீக்கப்பட்டது. நான்கு மாதத்துக்கு ஒரு முறை 2,000 ரூபாய்.

கணக்கில் பணம் ஏறுவதற்கு முன் சில கேள்விகளைத் தாண்ட வேண்டும். நிலம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இதற்குப் பட்டா, சிட்டா போன்ற வருவாய்த் துறை ஆவணமே சான்று. அதுவும் 2019 பிப்ரவரி 1 அன்றைய நிலவரப்படி பார்க்கப்படும். அதன் பிறகு நிலம் வாங்கியவருக்குக் கிடையாது. தந்தை இறந்து வாரிசுக்கு மாறியிருந்தால் உண்டு.

அடுத்து, விலக்கப்பட்டவர்களில் ஒருவரா நீங்கள்? வருமான வரி கட்டுபவர், கடைநிலை ஊழியர் நீங்கலான அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோருக்கு நிலம் இருந்தாலும் பணம் கிடையாது. கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். எத்தனை ஊரில் நிலம் இருந்தாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரே 6,000.

இந்தத் தகுதிகளைச் சரிபார்த்துப் பட்டியலை அனுப்புவது மாநில அரசின் வேலை. பணத்தை அனுப்புவது மத்திய அரசு. ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்குக்கு அது போய்ச் சேரும். பிசகு நேரும் இடம் பெரும்பாலும் சரிபார்ப்பில்தான். பணம் அனுப்பும் இயந்திரம் சொன்னபடி வேலை செய்யும், தவறான பெயரைக் கொடுத்தால் தவறான பெயருக்கே ஒழுங்காக அனுப்பிவைக்கும்.

கோட்டுக்கு இருபுறம்

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. கோடு போட்டவர்கள் குடும்பங்களைப் பார்த்துப் போடவில்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் வீடும் நகரிப் பக்கம் மாந்தோப்பும் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இங்கே நிலப் பதிவேடு தமிழில், அங்கே தெலுங்கில். ஒரே ஆள் இங்கே ஒரு எழுத்திலும் அங்கே இன்னொரு எழுத்திலும் பதிவாகியிருப்பார். ஆதாரில் மூன்றாவது விதமாக இருக்கும். இப்படிப்பட்ட குடும்பம் இருபுறமும் விண்ணப்பித்தாலும் மத்திய அரசின் பணம் ஒரு பக்கம்தான் வர வேண்டும்.

இருபதாயிரம் என்ற பேச்சுக்கு இப்போது வருவோம். ஆந்திரத்தில் 2019 அக்டோபரில் தொடங்கிய ரைத்து பரோசா திட்டத்தில் ஆண்டுக்கு 13,500 ரூபாய் என்று சொல்லப்பட்டது. அதில் 6,000 மத்திய அரசின் பிஎம் கிசான், மீதி 7,500 மாநிலத்தின் பணம். ஆட்சி மாறி, 2025 ஆகஸ்டில் தொடங்கிய அன்னதாதா சுகீபவ திட்டத்தில் 20,000. அதிலும் 6,000 அதே பிஎம் கிசான்தான், மாநிலத்தின் பங்கு 14,000. தமிழ்நாட்டில் பிஎம் கிசானுக்கு மேல் மாநில அரசு இப்படி ரொக்கம் சேர்ப்பதில்லை. ஆகவே ஒப்பிட வேண்டுமானால் 14,000-ஐயும் பூஜ்யத்தையும் ஒப்பிட வேண்டும். அதோடு நிறுத்தாமல் பயிர் வாரியான ஊக்கத்தொகைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டவர் யாரையும் நான் இன்னும் தேநீர்க் கடையில் சந்திக்கவில்லை.

2020-இல் தமிழ்நாட்டில் நடந்தது

நிலம் இல்லாதவருக்குப் பணம் ஏறியது கட்டுக்கதை அல்ல. 2020-இல், கொரோனா ஊரடங்குக் காலத்தில், தமிழ்நாட்டில் பிஎம் கிசான் பயனாளிகளின் எண்ணிக்கை சில மாதங்களில் திடீரென்று ஏறியது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் முன்னணியில் இருந்தன. இணையத்தில் யாரும் தாமாகப் பதிவு செய்யலாம் என்ற வசதியையும், ஒப்புதல் தரும் அதிகாரிகளின் கடவுச்சொற்கள் வெளியாட்களின் கைக்குப் போனதையும் இடைத்தரகர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். தகுதியற்றவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர், தொகை சுமார் 110 கோடி ரூபாய் என்று மாநில அரசே தெரிவித்தது. சிபிசிஐடி விசாரித்தது, பலர் கைதானார்கள், வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

பெயர் சேர்க்கப்பட்ட ஏழைகளில் பலருக்கு அது விவசாயப் பணம் என்றே தெரியாது. கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் வாங்கிப் போனார்கள். அவர்களைத் திருடர்கள் என்று சொல்வது நியாயமல்ல.

நாடு முழுக்கப் பார்த்தால் கதை இன்னும் சுவாரசியமானது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்ட கேள்விக்கு வந்து, 2021 தொடக்கத்தில் வெளியான பதிலின்படி, தகுதியற்ற 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வருமான வரி கட்டுபவர்கள். "ஒரு சென்ட் நிலம் இல்லாதவன்" என்று நாம் கை நீட்டும் திசை பெரும்பாலும் குடிசைப் பக்கம் இருக்கிறது. ஏடு மாடி வீட்டுப் பக்கத்தையும் காட்டுகிறது.

அப்போது பட்டியல் ரகசியமாக இருந்ததா? இல்லை. பிஎம் கிசான் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் அந்தக் கிராமத்துப் பயனாளிகளின் பெயர்கள் வரும். ஆனால் பெயரும் ஆணா பெண்ணா என்பதும்தான் வரும். தந்தை பெயர் இல்லை, புல எண் இல்லை, எத்தனை தவணை வாங்கினார் என்பது இல்லை. ஓர் ஊரில் ஐந்து முருகன் இருந்தால் எந்த முருகன் என்று ஊராரால் சொல்ல முடியாது. திருவிழாக் கணக்கில் "பந்தல்காரர்" என்று மட்டும் வாசிப்பது போலத்தான் இது. பெயரை வெளியிட்டுவிட்டுக் காரணத்தை மறைத்தால் ஊராரிடம் மிஞ்சுவது வம்புதான், தணிக்கை நடக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 4(1)(பி) என்றொரு பிரிவு இருக்கிறது. யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டிய தகவல்கள் அதில் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. பன்னிரண்டாவதாக வருவது இது: மானியத் திட்டங்கள் செயல்படுத்தப்படும் முறை, ஒதுக்கப்பட்ட தொகை, பயனாளிகளின் விவரம். தாமாக முன்வந்து வெளியிட வேண்டும் என்பதுதான் விதி. ஆகவே மானியப் பட்டியலை ரகசியம் என்று சொல்லும் அலுவலகம் விதியைத் தலைகீழாகப் படிக்கிறது.

மறுபுறம் தனியுரிமை இருக்கிறது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவலைத் தர மறுக்கும் வாய்ப்பை அகலமாக்கியது. இனி "இது தனிநபர் தகவல்" என்ற ஒற்றை வரிப் பதில்கள் கூடும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் 4(1)(பி) பிரிவு தொடப்படவில்லை. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவும் அப்படியே இருக்கிறது. மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டில் இந்த இரண்டையும் எழுத வேண்டும்.

ஐரோப்பாவிலும் இதே இழுபறி நடந்தது. விவசாய மானியம் பெறுவோர் அனைவரின் பெயரையும் தொகையையும் இணையத்தில் போட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தபோது, ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநில விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். சிறு தொகை, பெருந்தொகை என்று வேறுபாடு பார்க்காமல் தனிநபர் பெயர்களை வெளியிடுவது அளவு மீறியது என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனங்களின் பெயர்களை வெளியிடத் தடை இல்லை. பிறகு 2013-இல் விதியைத் திருத்தி, சிறு விவசாயிகளின் மிகக் குறைந்த தொகைகளுக்கு மட்டும் பெயரை மறைத்து, மற்றவர்களின் பெயர்களை மீண்டும் வெளியிடத் தொடங்கினார்கள். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய் வாங்குபவரின் பெயரை உலகம் முழுவதும் தேடிப் பார்க்கும்படி வைக்கத் தேவையில்லை, அவர் ஊர்ச் சுவரில் ஒட்டினால் போதும். லட்சத்தில் வாங்குபவரின் பெயர் இணையத்தில் இருக்கட்டும்.

சுருக்கமாக: பெயர், தொகை, எந்தத் தகுதியில் என்ற மூன்றும் பொதுவில் இருக்க வேண்டியவை. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவை யாருக்கும் தேவையில்லாதவை.

பட்டியலில் இல்லாதவர்கள்

பட்டியலைக் கையில் எடுத்ததும் தகுதியற்றவரைத் தேடுகிறோம். உழுகிறவர் எத்தனை பேர் அதில் இல்லை என்று பார்ப்பது அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

பிஎம் கிசான் நில உரிமையாளருக்கானது. வாய்ச்சொல்லில் குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கோ எடுத்து உழுபவருக்கு அதில் இடமில்லை. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் நிலத்தை விட்டிருப்பவர் வருமான வரி வரம்புக்குள் வராவிட்டால் அவருக்குப் பணம் வரும். அந்த நிலத்தில் நாற்று நடுபவருக்கு வராது. இதில் ஊழல் எதுவும் இல்லை. திட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆந்திரத்தில் இதைச் சரிசெய்ய ஒரு முயற்சி நடந்தது. 2019-இல் வந்த பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டப்படி குத்தகை விவசாயிக்கு 11 மாதத்துக்கு ஓர் அட்டை தரப்படும். ரைத்து பரோசாவில், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை வகுப்புகளைச் சேர்ந்த நிலமற்ற குத்தகைதாரருக்கு மாநிலமே முழுத் தொகையையும் தந்தது. ஆனால் அட்டை வாங்க நில உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். நிலம் கைவிட்டுப் போகுமோ என்ற பயத்தில் பலர் போடுவதில்லை.

பெண்கள் கதையும் இதைப் போன்றதுதான். 2025 பிப்ரவரியில் வந்த 19-ஆவது தவணையை நாடு முழுவதும் 9.8 கோடி பேர் பெற்றார்கள், அவர்களில் பெண்கள் 2.41 கோடி. வேர்க்கடலை பறிப்பதும் களை எடுப்பதும் யார் என்று இந்தப் பகுதி வயல்களில் நின்று பார்த்தால் விகிதம் வேறாகத் தெரியும். பட்டா கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கிறது, பட்டியல் பட்டாவைப் பார்த்து எழுதப்படுகிறது.

பட்டியலை எப்படிப் படிப்பது?

முதலில் எந்தத் திட்டம், எந்த அரசு, எந்த ஆண்டு என்று பாருங்கள். தேநீர்க் கடைச் சண்டைகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பெயர் இருப்பதாலேயே பணம் வந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். ஆதார் இணைப்புப் பிசகினாலோ மின்னணு முறையில் அடையாளச் சரிபார்ப்பு முடியாவிட்டாலோ தவணை நின்றிருக்கும். ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் அவர் வீட்டு வாசலுக்குப் போகாமல் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு வாழ்நாள் பகை வைத்துக்கொள்ளும் அளவுக்கு 2,000 ரூபாய் பெரிய தொகை அல்ல.

ஆந்திரப் பக்கம் பயனாளிகளின் பட்டியலைக் கிராமச் செயலகத்தில் ஒட்டி, விடுபட்டவர்கள் முறையிட நேரம் கொடுக்கும் பழக்கம் சில ஆண்டுகளாக இருக்கிறது. ஒட்டிய தாளைப் பார்க்கும்போதே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், மழையில் கரைந்துவிடும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வேளாண் துறைப் பயனாளிகளின் பட்டியலை வாசிக்கச் சொல்லி அங்கே கேட்கலாம்.

எழுத்தில் கேட்பதானால் "யார் யார் ஏமாற்றுகிறார்கள்" என்று எழுதினால் பதில் வராது. இப்படி எழுதுங்கள்: எங்கள் வருவாய்க் கிராமத்தில் இந்தத் திட்டத்தில் இந்த ஆண்டு பணம் பெற்றவர்களின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், தகுதிக்கு ஆதாரமான நிலப்பரப்பு, பெற்ற தவணைகள், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, என்னென்ன காரணத்தால். கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம், விடுபட்டவர்களின் கதை அதில்தான் வெளிவரும். தமிழ்நாட்டில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஆந்திரத்தில் மண்டல அளவில் 5 ரூபாய், கிராம அளவில் கட்டணமே இல்லை. பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள் உண்டு. அந்த நாள் கடந்தும் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு எழுதலாம்.